வாப்பா உப்புப் போட்ட ஐஸ்கட்டி

பேத்தி பிரிட்ஜைத் திறக்கும்போது முகத்தில் படுகிற குளிர்ப் புகை, என்னைக் கண்டியில் வாப்பாவின் கருவாட்டுக் கடைக்கே கொண்டுபோய் விடுகிறது.

"ஐஸில போட்டு ரயில்ல பச்சமீன் வருதாம், பேப்பர்ல இருக்கு. நம்மட யாவாரம் போச்சு," என்றார் கடையில் நின்ற மாமா, உம்மாவின் தம்பி.

"உப்பை மிஞ்சின காவல் இல்ல மச்சான்," என்று வாப்பா சிரித்தார். ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போய், மரத்தூளில் பொதிந்த ஐஸ்கட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன்மேல் புகை எழும்பியது. தொட்டுப் பார்த்த உம்மா, "சுடுதே" என்று கையை இழுத்துக்கொண்டார்.

பின்னேரம்வரை கெடாமல் இருக்கட்டும் என்று வாப்பா அதைச் சட்டியில் வைத்து, இரண்டு கை உப்பை அள்ளி அதன்மேல் போட்டார். நண்பகல் லுஹர் தொழுகை முடித்து வந்து பார்த்தால் சட்டியில் தண்ணீர்தான் கிடந்தது. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்பாலேயே காப்பாத்த ஏலாத சாமான், மீனைக் காப்பாத்திக் கொண்டுவந்திருக்கு," என்றார் உம்மாவிடம். "நாளைக்குக் கடையில பச்சமீனுக்கும் இடம் ஒதுக்கச் சொல்லி உங்கட தம்பிக்குச் சொல்லுங்க."