வற்றலின் சிவப்பு

என் கண்ணைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசியவன் என் மச்சினன். மனைவியின் தம்பி, சிவகாசியில் லேபிள் அச்சகம் நடத்துகிறான். விருதுநகர் மிளகாய் வற்றல் வியாபாரி ஒருவரின் புது பாக்கெட்டுக்கு நான்தான் படம் எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைத் தட்டில் முப்பத்தேழு குண்டு வற்றல். மாதிரி அச்சாகி வந்தபோது முப்பத்தேழும் செங்கல் நிறத்தில் கிடந்தன.

"இது என் சரக்கு இல்லையே," என்றார் வியாபாரி.

"அத்தானுக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆனதுல இருந்து கலர் பிடிபடல அண்ணாச்சி. இனிமே நானே எடுத்துத் தாரேன்," என்றான் மச்சினன்.

அச்சகத்து ஆட்கள் நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவன் என்னிடம் கேமரா பிடிக்கக் கற்றவன். வற்றல் கடைத்தெருவில் இந்தப் பேச்சு பரவினால் பிறகு எவன் என்னைப் படம் எடுக்கக் கூப்பிடுவான்? அவன் சொன்னதை அவன் வாயாலேயே திரும்ப எடுக்க வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

கேமராவின் முதுகுத் திரையில் அதே படம் நல்ல இரத்தச் சிவப்பாகத்தான் இருந்தது. வீட்டுக் கணினியில் திறந்தால் ஒரு கண்ணிமைப்பு நேரம் சிவப்பு, உடனே செங்கல். அந்தக் கண்ணிமைப்பைப் பிடித்துக்கொண்டேன். கேமரா ஒரு கணக்கில் நிறம் காட்டுகிறது, மென்பொருள் வேறு கணக்கில் காட்டுகிறது. ப்ரொஃபைல் என்ற கட்டத்தில் மென்பொருளின் சொந்தக் கணக்கு உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டி உள்ளே உள்ளே போனால், கேமராவுக்கென்றே ஏழு ப்ரொஃபைல்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, உண்மையான வற்றலைத் திரையோரம் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பொருந்தியது.

மச்சினன் எடுத்த படத்தைப் பார்க்க வியாபாரி வருகிற நாளில் நானும் அச்சகத்துக்குப் போனேன். அவன் திரையிலும் செங்கல்.

"மாப்ளே, உனக்கும் ஆப்பரேசன் ஆயிருச்சா?" என்றேன்.

வியாபாரி சிரித்துவிட்டார். மச்சினனை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். திரையை வியாபாரி பக்கம் திருப்பி, மூன்றாவது ப்ரொஃபைலைப் போட்டேன்.

"இதுதான்யா என் வற்றல்," என்றார் அவர்.

மச்சினன் மேசையைச் சுற்றி ஓடி வந்தான். அதற்குள் பழையபடி செங்கலாக்கிவிட்டேன்.

"எங்கன இருக்கு அத்தான் அது? எப்படிச் செஞ்சீக?"

"கலர் பிடிபடாதவன்ட்ட கேக்கியே."

வியாபாரி பாக்கெட்டுக்கு என் படத்தையே போடச் சொன்னார். நிறம் சரி செய்து கொண்டுபோயிருந்த பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாளிலிருந்து மச்சினன் போன் செய்கிறான். இதுவரை ஐந்து முறை. "நீக போன அந்த லிஸ்டே வரமாட்டேங்குது அத்தான்," என்கிறான். வராது. அச்சுக்கென்று மாற்றி வைத்த ஜேபெக் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிறான். அன்று அவன் திரையில் இருந்ததைப் போல, கேமரா எழுதிய மாற்றாத மூலமான ரா கோப்பைத் திறந்தால்தான் அந்த ஏழும் கண்ணில் படும்.

"கண்ணாடி போட்டுப் பாரு மாப்ளே," என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

"ஏங்க, தம்பிதானே. சொல்லித் தொலைங்களேன்," என்கிறாள் என் மனைவி.

சொல்லுவேன். அன்று சிரித்த நாலு பேரையும் அவன் முதலில் கூட்டி நிறுத்தட்டும்.