ரிட்டர்ன் பெட்டி

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு நைலான் கயிற்றின் முனைகளைத் தீயில் சுட்டது.

ஸ்கிப்பிங் கயிறு. கடையில் வாங்கியது பெரியவர்களுக்கான நீளம். மாமாவின் ஏழு வயது மகளுக்குத் தகுந்தபடி வெட்டினோம். வெட்டிய முனை பிரியாமலிருக்க மெழுகுவர்த்தியில் காட்ட வேண்டும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உருகிய முனையை அப்பா எச்சில் தொட்ட விரலால் உருட்டினார்.

“சுடும்ப்பா.”

“பேக்கரி அடுப்புல வெந்த கை. இது என்ன செய்யப் போவுது.”

பிறகு கயிற்றின் நடுப்பகுதியை என் காலடியில் போட்டு, முனைகளை என் கையில் கொடுத்தார். “நின்னு காட்டு. அவ உன் காதுக்கு வந்துட்டா, கொஞ்சம் கம்மியா இருந்தாப் போதும்” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

அது புதன்கிழமை. வியாழன் காலை வழக்கம்போல டீக்கடைகளுக்குப் பன் போடும் லைனுக்குப் போனார். கப்பலூரில் ஒரு டீக்கடை முன்னால் வேனை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. டீக்கடைக்காரர் பன்னுக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் போய்ப் பார்த்திருக்கிறார்.

அப்பா பெயர் விருமாண்டி. செக்கானூரணிக்கு மேற்கே மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். மழை தவறிய வருடங்களில் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்திருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு, பழங்காநத்தத்தில் ஒரு பேக்கரிக்குத் தட்டு கழுவ வந்தார். தட்டிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து வேனுக்கும் போனார். நான் பிறந்தபோது அவர் லைன் டிரைவர். காலையில் பன், பிரெட், பப்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு கப்பலூர் வரை டீக்கடைகளுக்குப் போட வேண்டும். முந்தைய நாள் விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ரிட்டர்ன் பெட்டி. நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி. அதில் இருப்பதை டிரைவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. கிரீம் பன், தேங்காய் பன், ஓரம் உடைந்த கேக். அம்மா ஜவுளிக்கடையில் வேலை; இரவுதான் வருவாள். பள்ளி வேன் என்னை வாசலில் இறக்கிவிடும். எங்கள் சந்தில் டூவீலர் போக இடம் உண்டு, பிள்ளைகள் ஓட இடம் கிடையாது. “வெளிய போகாத, வண்டி அடிச்சிரும்” என்று இருவரும் சொல்லியிருந்தார்கள். நான் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். அப்பா வந்ததும் பெட்டியை என் மடியில் வைப்பார். நான் சாப்பிடுவதை அவர் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்கு அதுதான் டிவி.

விடுமுறை நாட்களில் வேனில் என்னையும் ஏற்றிக்கொள்வார். லைனில் எல்லாக் கடையிலும் என்னைத் தெரியும்.

“அண்ணே, இது மகளா, பேக்கரி போர்டா?”

“ரெண்டும்தான். கண்ணு வைக்காம பன்ன எண்ணி எடு.”

என் கன்னத்தை அவர்கள் கிள்ளுவார்கள். அப்பா சிரிப்பார். வயிறு ஒட்டி வளர்ந்த மனிதருக்கு என் உடம்பு ஒரு சாட்சி. தான் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்தார். அவரை அப்போது யாரும் திருத்தவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

இரண்டாம் வகுப்பில் என் நெற்றியில் சின்னதாக ஏதோ வெள்ளையாக இருந்தது. கிரீம் ஒட்டியிருக்கிறது என்று அப்பா துண்டால் துடைத்தார். போகவில்லை. மறுபடியும் அழுத்தித் துடைத்தார். எனக்கு வலித்தது. அது பரு.

மூன்றாம் வகுப்பில், எட்டு வயதில், பள்ளியில் வைத்து வயசுக்கு வந்தேன். அடிபட்டுவிட்டதாக நினைத்து அழுதேன். வகுப்பு ஆசிரியை எஸ்தர் டீச்சர் தன் சேலைக்கு மேல் போட்டிருந்த ஓவர்கோட்டைக் கழற்றி என் இடுப்பில் சுற்றி, ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. தாய்மாமன் ராம்கிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அக்காள் மகளுக்கு முதல் சீர் என்று ஆர்ப்பாட்டமாகச் செய்தார். லோடு வேனில் சீர்த்தட்டுகள், முன்னால் கொட்டு. பஸ் ஸ்டாப் முனையில் என் படம் போட்ட பெரிய பிளெக்ஸ் போர்டு. தலையில் கிரீடம். எனக்கு அளவான பட்டுப்பாவாடை கிடைக்காததால் பெரியவர்கள் சேலையைச் சுற்றியிருந்தார்கள்.

எஸ்தர் டீச்சர் வந்திருந்தார். ஒரு பென்சில் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனார். நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். கேட்கும் தூரம்தான்.

“சார், இது கொண்டாடுற வயசு இல்ல. டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்பவே காட்டுங்க.”

“நல்ல போசாக்கு டீச்சர். அதான் வெரசா வந்துருச்சு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும், பந்தி நடக்குது.”

டீச்சர் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தார். அப்பா கும்பிட்டு, பந்தி இருந்த பக்கம் கையைக் காட்டினார். டீச்சர் சாப்பிடாமல் போனார். அதற்கு அப்பா வருத்தப்பட்டார். எதற்கு வருத்தப்பட வேண்டும் என்பது அவருக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அதன்பிறகு ஒரு மாதம் வீட்டில் காலையில் பச்சை முட்டை, மேலே நல்லெண்ணெய். மாலையில் உளுந்தங்களி. இடுப்பெலும்பு பலப்படுமாம். ஏற்கெனவே கனத்த பிள்ளை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ரிட்டர்ன் பெட்டியும் நிற்கவில்லை. வயசுக்கு வந்த பிள்ளை குதிக்கக் கூடாது என்று, பள்ளியில் விளையாட்டு வகுப்பில் என்னை உட்காரவைக்கச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டாள். பிளெக்ஸ் போர்டு மழையில் கிழியும்வரை அங்கேயே இருந்தது. பள்ளி வேன் தினமும் அதைக் கடந்து போனது. பையன்கள் ஜன்னல் பக்கம் எழுந்து நின்று அதற்குக் கும்பிடு போடுவார்கள்.

அப்போது வகுப்பில் நான்தான் உயரம். கடைசி வரிசை. ஆறாம் வகுப்பில் நடு வரிசை. ஒன்பதாம் வகுப்புப் போட்டோவில் என்னை முன் வரிசையில் தரையில் உட்காரவைத்தார்கள். அப்பா அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். கடைசி வரிசையில் தேடினார். நான் விரலால் காட்டினேன்.

“எல்லாரும் வளந்துட்டாகளா” என்று மட்டும் கேட்டார்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். டிப்ளமோ முடித்து ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்கு எலும்பு வயது பார்ப்பது என்று ஒரு பரிசோதனை உண்டு. இடது கையை விரித்து வைத்து ஒரு படம். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். அது வளர இன்னும் இடம் இருப்பதன் அடையாளம். பருவம் முந்தி வந்தால் அந்தக் கோடு சீக்கிரம் மூடிக்கொள்ளும். மூடிய பிறகு உயரம் கூடாது. மூடுவதற்கு முன்னால் டாக்டரிடம் வந்தால், தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பருவத்தைத் தள்ளிப்போட முடியும். எடை கூடிய பெண்பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. ஆனால் எடை மட்டும்தான் காரணம் என்று எந்த டாக்டரும் பார்க்காமல் சொல்லமாட்டார். என்னை யாரும் பார்க்கவில்லை. அதனால் என் விஷயத்தில் காரணம் தெரியாது.

இதை ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னேன். அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மறுநாள் லைன் முடித்து, யூனிபார்மோடு சென்டருக்கு வந்தார். அந்தப் படம் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார். பெயரை மறைத்து ஒரு படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இந்தக் கறுப்புக் கோடுதானா?”

“ஆமா.”

“எஸ்தர் டீச்சர் சொன்னப்ப உனக்கு இது இருந்திருக்குமா?”

“இருந்திருக்கலாம்ப்பா. தெரியாது.”

“அந்த அம்மாவப் பாத்து, சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன்.”

அன்றிலிருந்து ரிட்டர்ன் பெட்டி வீட்டுக்கு வரவில்லை. மாடு வளர்க்கிற ஒருவருக்குப் போனது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெட்டியை நிறுத்த வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். லைனில் எந்தக் கடைக்காரராவது என்னைப் பற்றி விசாரித்தால், முன்போலச் சிரிக்காமல், “நல்லா இருக்கா” என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துவிடுவார். தனியாக இருக்கும்போது டீச்சரிடம் சொன்ன அந்த வாக்கியத்தைத் தனக்குத்தானே சொல்வதை இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். பந்தி நடக்குது, பந்தி நடக்குது.

இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஒத்தக்கடைக்குப் போனோம். ராம்கி மாமா அங்கே வீடு கட்டியிருக்கிறார். தாமதமாகப் பிறந்த ஒரே மகள் கனிஷ்கா. ஏழு வயது. பள்ளி, டியூஷன், போன், இரவு பரோட்டா பார்சல். சட்டை பத்து வயது அளவு. சோபாவில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் நெற்றியைப் பார்த்தார். பக்கத்தில் போய் விரலால் தொட்டார். துடைக்கவில்லை.

“மாப்ள, பாப்பாவ ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்.”

“காய்ச்சல்கூட இல்லையே மச்சான்.”

“நெத்தியில பரு வந்திருக்கு. ஏழு வயசுல வரக் கூடாது.”

“சூட்டுக் கட்டி. எளநி குடிச்சாப் போயிரும்.” ராம்கி மாமா பரோட்டாவைப் பிய்த்துப்போட்டபடி சிரித்தார். “வாழ்க்க பூரா பன்னு வித்துட்டு, இப்ப பாப்பா பன்னு தின்னா ஏன்னு கேக்குறீக. கறிக்கடைக்காரரு மால போட்ட கதையாவுல்ல இருக்கு.”

“எப்படியும் சொல்லிக்க. திவ்யாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு” என்று என்னைக் காட்டினார்.

“திவ்யாவுக்கு என்ன கொறஞ்சு போச்சு? படிச்சா, வேலைக்குப் போறா. அவளுக்கு நான் செஞ்ச சீரு மாதிரி பழங்காநத்தத்துல எவன் செஞ்சான்? எம்புட்டுப் பேரு வந்து சாப்பிட்டாக.”

“எம்புட்டுப் பேரு வந்தாக. ஒரே ஒரு ஆளு டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்லுச்சு. அந்த ஆளையும் நான் சாப்பிடத்தான் சொன்னேன்.”

மாமா இன்னொரு பரோட்டாவைப் பிய்த்தார்.

“எக்ஸ்ரே மிஷின எறக்கணும்னா எம் மக ஸ்டூல் போட்டு ஏறணும் மாப்ள. ஒருநா போய்ப் பாரு.”

மாமா என்னைப் பார்த்தார். நான் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் கால் தரையைத் தொடவில்லை. அவர் அதைப் பார்த்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

“எனக்கு லீவு கெடைக்காது” என்றார் கடைசியில். “நீங்களே கூட்டிட்டுப் போங்க மச்சான். உங்க நிம்மதிக்கு.”

“சனிக்கெழம நானே வாரேன்.”

கனிஷ்கா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “ஊசி போடுவாங்களா மாமா?”

“மொத நாளு கைய விரிச்சு வச்சா ஒரு போட்டோ. திவ்யாதான் எடுப்பா.”

“எடுத்தா கிரீம் பன்னு தருவீங்களா?”

“கயிறு தாரேன். குதிக்கிற கயிறு. அளவு வெட்டிக் கொண்டாரேன்.”

“அதுக்கு ஊசியே போடலாம்” என்றாள் அவள். மாமா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. வரும் வழியில் டாக்டரிடம் தன் போன் நம்பரைக் கொடுத்து சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை தத்தனேரியில் தகனம். சனிக்கிழமை காலை பால் ஊற்றிவிட்டு ஆண்கள் திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரியிலிருந்து முதலாளி டீயும் பன்னும் அனுப்பியிருந்தார், நீலப் பெட்டியில். கனிஷ்கா ராம்கி மாமா மடியில் இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மாமா பன்னை டீயில் தொட்டு அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் போன் என்னிடம் இருந்தது. அடித்தது.

“விருமாண்டி சாரா? கனிஷ்காங்கிற பாப்பாவுக்கு இன்னைக்கு நேரம் குடுத்திருக்கோம். வந்துட்டு இருக்கீங்களா?”

“அவர் இல்ல. தவறிட்டாரு.”

அந்தப் பெண் “சாரிங்க” என்றாள். பிறகு, “வேற தேதி போடவாங்க?” என்று கேட்டாள்.

போனைக் கையால் மூடிக்கொண்டு மாமாவிடம் கேட்டேன். அவர் ஊட்டுவதை நிறுத்தினார். மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

“எழவு வீட்டுலேருந்து பச்சப்புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாகளா திவ்யா? கருமாதி முடியட்டும். பெறகு பாப்போம்.”

நான் கூப்பிடுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

கருமாதி இன்னும் முடியவில்லை. கயிறு அப்பா மாட்டிய ஆணியில் இருக்கிறது. ஒத்தக்கடைக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டு வருவதற்கென்று, புதன்கிழமையே வீட்டு ஸ்கூட்டரில் பெட்ரோல் நிரப்பி வைத்திருக்கிறார். நேற்று வண்டியை நகர்த்திவைக்கச் சாவி போட்டேன். பெட்ரோல் முள் முழுசாக மேலே ஏறி நின்றது.