பூட்டுக்காரனும் தையல்கார அக்காவின் கடையும்

அவனை எல்லோரும் பூட்டுக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். சாவி செய்யத் தெரியாது, தாழ்ப்பாள் மாட்டத் தெரியாது. சொந்த வீட்டுக் கதவே இறுகிப்போய்க் கிடக்கும். அவன் மனைவிதான் தோளால் இடித்துத் திறப்பாள். அவன் பூட்டுவது இணையத்தில் இருக்கும் கடைகளை. வாங்க வருகிறவர் அடிக்கும் கார்டு நம்பரை வழியில் எவனும் ஒட்டுக்கேட்க முடியாதபடி குறியாக்கம் செய்து அனுப்ப ஏற்பாடு பண்ணுவான். முகவரிக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பூட்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது.

"ஊர்ல உள்ள கடைக்கெல்லாம் பூட்டு. நம்ம கதவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஆளில்ல" என்பாள் மனைவி. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் சொன்னதில் பொய் இல்லை.

தொழிலில் ஆள் கெட்டி. பதறாத காரியம் சிதறாது என்று நம்புகிறவன். ஒரு கடையையும் ஒரே நாளில் இடம் மாற்ற மாட்டான். கடையின் பக்கமும் படமும் இருக்கிற கம்ப்யூட்டரான பழைய சர்வருக்கு முன்னால் பூட்டு உள்ள புது சர்வரை நிறுத்துவான். கேட்பவருக்குப் புதியது பழையதிடமிருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதற்குள் சாமான்களைப் பின்பக்கமாக ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, கடைசியில் பழையதைக் காலி செய்வான். இப்படித்தான் எத்தனையோ கடைகளை ஒரு கீறல் இல்லாமல் மாற்றியிருக்கிறான்.

அப்படித்தான் தையல்கார அக்கா கடைக்கும் போனான். சின்னப் பெண்களுக்குக் கவுன் தைத்து இணையத்தில் விற்கிற அம்மாள் அவள். பணம் கட்டும் பக்கத்தில் 'பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை வரவும், பாதியிலேயே ஆட்கள் ஓட ஆரம்பித்திருந்தார்கள். ஒரே அறை. தையல் மெஷின், ஜன்னல் கம்பியில் தொங்கும் அரைகுறை கவுன்கள், தரையெல்லாம் துணித்துண்டு. அவன் லேப்டாப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"பூட்டு போடுங்க, என்ன வேணா பண்ணுங்க தம்பி. ஒரே ஒரு விஷயம்" என்றாள். "படத்துல கவுன் போட்டுக்கிட்டு நிக்கிறது என் பொண்ணு. நான் எதைத் தைச்சாலும் அவதான் போட்டுக் காட்டுவா. காய்ச்சல்ல போயிட்டா. படமெல்லாம் இருந்த போனும் பஸ்ல தொலைஞ்சு போச்சு. இப்ப இந்தக் கடையில மட்டும்தான் அவ இருக்கா. அவளை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க."

வீட்டில் இருந்தது பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் பிள்ளை யாரையோ முறைக்கிற மாதிரி இருந்தாள். கடைப் படங்களில் அப்படியில்லை. முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, கவுன் குடையாய் விரிய ஒரு சுற்றுச் சுற்றுவாள். அவனுக்கும் அந்த வயதில் ஒரு பெண் உண்டு.

"கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்க்கா" என்றான். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னான்.

பூட்டு வந்தது. போன ஆட்களும் திரும்பி வந்தார்கள். அவன் பின்பக்கமாகச் சாமான்களை மாற்றினான். அந்தப் பிள்ளையின் படங்கள் இருந்த ஃபோல்டரைப் பிரதி எடுக்க மட்டும் அவனுக்கு அனுமதி இல்லை. யார் எப்போது அப்படி வைத்தார்களோ! பிரதி எடுக்கும் மென்பொருள் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு அடுத்ததற்குத் தாண்டிவிட்டது. ஆயிரம் வரி ஓடுகிற திரையில் அந்த ஒரு வரியை எவன் பார்த்தான்? பார்த்திருக்க வேண்டியவன் இவன்தான்.

சும்மா சொல்லக்கூடாது, சரிபார்க்கத்தான் செய்தான். கடையைத் திறந்து அந்தப் பிள்ளையின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாமே வந்தன. வராமல் என்ன? ஏற்கெனவே பார்த்த படங்களை அவன் பிரவுசர் தன்னிடமே சேர்த்து வைத்திருந்து காட்டியது. இந்தச் சங்கதியை ஊருக்கெல்லாம் விளக்குகிறவன் அவன். நிம்மதியாகப் பழைய சர்வர்க்காரர்களுக்கு, எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று எழுதிப்போட்டான்.

மறு வாரம், மகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, வாங்கறவங்க படம் வரல, வெறும் கட்டமா இருக்குங்கறாங்க. என் புதுப் போன்ல நல்லாத்தான் வருது. பாப்பா சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா."

இந்தக் கேள்விக்கு அவன் வாயிலிருந்து எப்போதும் ஒரே பதில்தான் வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

"உங்க போன்ல பழசு சேர்ந்திருக்கும்க்கா. பிரவுசர் செட்டிங்ஸ்ல போய் எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திறந்து பாருங்க. நானும் இங்க பாக்கறேன்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து தன் லேப்டாப்பிலும் அழித்தான். கடையைத் திறந்தான். வெறும் கட்டங்கள். புது சர்வருக்குள் போய்ப் பார்த்தான். ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. காப்புப் பிரதியைத் திறந்தான். அதையும் இதே புது சர்வரிலிருந்துதான் எடுத்திருந்தான். பழைய சர்வர்க்காரர்களுக்குப் போன் போட்டான். "நீங்கதானே சார் அழிக்கச் சொன்னீங்க, அன்னைக்கே அழிச்சாச்சு" என்றார்கள்.

அப்போதுதான் உறைத்தது. உலகத்தில் மிச்சம் இருந்தது அக்காவின் போனில் சேர்ந்திருந்த அந்தப் பழசு ஒன்றுதான். பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டான். "அழிச்சிட்டேன் தம்பி" என்றாள். மனைவி என்னவென்று கேட்டாள், சொன்னான். அவளே போய்க் கதவைத் தோளால் இடித்துத் திறந்துவிட்டாள்.

போனில் சொல்கிற விஷயமா இது? நேரில் போனான். அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து, போனில் கடையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் ஸ்டூலில் கிடந்த துணியை எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தாள்.

"வாங்க தம்பி. நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஆனா நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. பாப்பாவக் காணோம்." போனை அவன் கையில் கொடுத்தாள். "உங்களுக்கு வேற அலைச்சல் குடுத்துட்டேன். படிக்காதவ கையில போனக் குடுத்தா இப்படித்தான்."

அவன் அழுதுவிட்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எதையும் தப்பா அமுக்கலைக்கா. நான் சொன்னத அப்படியே சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

அவள் முகம் தெளிந்தது.

"அப்பாடா" என்றாள். "அப்ப வந்துருவா, இல்ல தம்பி?"