எர்த் கம்பியும் மேற்கு வீட்டு ஆடும்

யுத்தம் முடிந்தபின் ஒரு பாட்டரி ரேடியோ வாங்கினோம். வாங்க வைத்தவள் என் மனைவியின் தங்கை. திருச்சி ரேடியோவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் கால் மணி நேரம் பாடப்போவதாகத் தகவல் வந்திருந்தது. அதை ஒரு வரிகூட விடாமல் கேட்டாக வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு.

ஏரியலை முறைப்படி அமைத்தேன். திருச்சி எங்களுக்கு வடக்கே. ஆகவே அங்கிருந்து வரும் அலையைக் குறுக்கே மறித்துப் பிடிக்க, செம்புக் கம்பி கிழக்கு மேற்காகப் போக வேண்டும். திரேஸ்புரம் கடற்கரையில் வாங்கிய பழைய பாய்மரத்தை எங்கள் மாடியில் நட்டு, அதன் உச்சியில் ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனைக்கு மேற்கு வீட்டு மாடிதான் வாய்த்தது. அது கருப்பட்டிக் கடை அண்ணாச்சியின் வீடு.

"இடி கிடி இறங்குமோ, தம்பி?"

"இறங்காது அண்ணாச்சி. எர்த் குடுத்திருக்கேன்."

"இறங்குனா உம்ம வீட்டுப் பக்கமா இறங்கச் சொல்லும்" என்று அனுமதி தந்தார்.

எர்த் என்பது ரேடியோவிலிருந்து மண்ணுக்குப் போகும் கம்பி. மண் ஈரமாக இருந்தால்தான் ஒலி தெளியும். குடிக்கவே தண்ணீர் சுமக்கும் ஊரில் தரைக்கு யார் ஊற்றுவது? கொல்லையில் குழி தோண்டி, கம்பியைக் கட்டிய தகரத்தைப் புதைத்து, உப்பைக் கொட்டி ஒரே ஒரு தடவை நனைத்தேன். உப்பால் ஈரம் காயாமல் நின்றது. திருச்சி கணீரென்று கேட்டது.

வெள்ளிக்கிழமை மாலை மைத்துனியின் பெயரை அறிவித்தார்கள். அவள் பாடத் தொடங்கியதும் குரல் கிணற்றில் விழுந்ததுபோல் அமுங்கியது. கொல்லைக்கு ஓடினேன். அண்ணாச்சியின் வெள்ளாடு உப்புக் குழியை ருசித்து நக்கிக்கொண்டிருந்தது. அதன் காலில் சிக்கி எர்த் கம்பி அறுந்திருந்தது. மீதிக் கம்பி குழிக்கு எட்டவில்லை.

கம்பியைக் கையில் பிடித்து, வெறுங்காலைக் குழியில் வைத்தேன். உள்ளே குரல் எழுந்தது. ஆனால் ரேடியோவைத் திருகத் தெரிந்தவனும் நான்தான். அதற்குள் ஆட்டைத் தேடி அண்ணாச்சி வந்துவிட்டார்.

"ஒங்க ஆடுதான அண்ணாச்சி அத்துச்சு? நீங்க பிடிங்க" என்று ஜன்னலிலிருந்து மனைவி கத்தினாள்.

"ஏளா, ஷாக் அடிக்குமா?"

"வெறும் பாட்டரிதான். காலை நல்லாப் பதிச்சு நில்லுங்க!"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினார். நான் உள்ளே ஓடித் திருகினேன். பாட்டு தெளிந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் கொல்லையிலிருந்து சிரிப்பும் அலறலுமாக ஒரு சத்தம்.

"ஏளா, ஆடு காலை நக்குது!"

"அசையாதீங்க அண்ணாச்சி, கடைசிப் பாட்டு இன்னும் முடியல!"

அவர் நெளிய நெளிய மைத்துனியின் குரலும் ஏறி இறங்கியது. ஆனாலும் பாட்டு முடியும்வரை கம்பியை அவர் விடவில்லை.

பிறகு மைத்துனி ஊருக்கு வந்தபோது மனைவி அவளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "அந்தக் கடைசிப் பாட்டுல குரலை அப்படி ஆட்டி ஆட்டி விட்டியே, ஏளா, எங்க கத்துக்கிட்ட?"

"நான் அப்படிப் பாடவே இல்லையேக்கா!"

மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அது நான் பாடுனது தாயி."