கதவுப்பிடிக்காரன் தேர்ந்தெடுத்த கார்

பாரிசுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், ஞாயிற்றுக்கிழமை காலையானால் ஆண்கள் இறங்கி அவரவர் காரைக் குளிப்பாட்டுகிறார்கள். போன வாரம் எதிர்வீட்டு மெசியே, அதாவது பிரெஞ்சு ஐயா, சோப்பு நுரையோடு நிமிர்ந்து, வரிசையாக நின்ற கார்களைக் காட்டி, "இதில் உங்களுடையது எது?" என்று கேட்டார். எனக்குக் கார் கிடையாது. ஊரிலிருந்து படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை என்றால் ஆளுக்கு ஒரு துண்டு, என் துண்டு கதவுப்பிடி. நான் மாட்டுகிற அதே பிடி அவர் காரில் மின்னியது. பெருமையாக அதைத் தொட்டு, "இதுதான்" என்றேன். மனிதர் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சில்லறை வெட்கம். மொத்த வெட்கம் எங்கள் ஊர் மரக்காணத்தில் கிடக்கிறது.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிப் பெண்ணைக் கட்டிய புண்ணியத்தில் பிரான்சுக்கு வந்தவன் நான். ஏழு வருடம் கழித்து, பெல்பாட்டத்தோடு லீவில் போய் இறங்கியபோது, தங்கை புருஷன் அந்தோணி காத்துக்கொண்டிருந்தான். உப்பளக் குத்தகையில் தன் பங்கை விட்டுவிட்டு, டாக்சி ஓட்டிப் பிழைக்கப் போகிறானாம். கிளியனூரில் இரண்டு பழைய கார் விலைக்கு இருந்தன. காரே செய்கிற மச்சான் வந்து கைகாட்டட்டும் என்று வாங்காமல் வைத்திருந்தான்.

ஒன்று சின்னப் பச்சைக் கார். உப்புக்காற்று கதவைத் தின்றிருந்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆனால் தொட்டதும் எஞ்சின் பாடியது. இன்னொன்று பெரிய கறுப்புக் கார். எஞ்சின் இருமி இருமித்தான் எழுந்தது. கதவோ, அடடா, நகைப்பெட்டி மாதிரி மூடியது! நான் நாலு கதவையும் திறந்து மூடி, தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"எஞ்சின் எப்பிடி மச்சான்?"

"எனக்குக் கதவுப்பிடி மாட்டத்தான் தெரியும் மாப்ள. எஞ்சின் பக்கம் போனதே இல்ல."

அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தான். "பிரான்சு போயும் உங்க நக்கல் போவல பாருங்க! கறுப்புகிட்டயே நிக்கிறீங்க, அப்ப அதானே?"

வாழ்நாளில் ஒருதரம் உண்மை சொன்னேன், அதற்கும் சிரிப்பு. மறுபடி சொல்ல வாய் வரவில்லை. "உம்" என்றேன்.

வாங்கி ஊருக்கு ஓட்டிவரும் வழியிலேயே கறுப்புக் கார் உப்பளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள், அவனுடைய பழைய கூட்டாளிகள், வரப்பேறி வந்தார்கள். நான் இறங்கப் போனேன்.

"நீங்க குந்துங்க மச்சான், பேண்ட்டு அழுக்காவும். ஸ்டேரிங்க மட்டும் புடிங்க."

வாழ்க்கையில் அன்றுதான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். எல்லாரும் தள்ளினார்கள். கண்ணாடியில் அந்தோணியின் குனிந்த தலை தெரிந்தது. இப்போது அவன் சிரிக்கவில்லை. எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் வந்தது.

"ஓரமா ஒதுக்குங்க மச்சான்!"

எந்த ஓரம்? ஏழு வருடமாகப் பிரான்சில் எனக்கு ஓரம் என்றால் வலப்பக்கம், ஊரிலோ இடப்பக்கம். நடுரோட்டில், என் சனங்கள் மூச்சிரைக்கத் தள்ள, நான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன்.