நீதிபதி எழுதிய நல்ல பத்தி

நடந்தவை வரிசையாக:

1. தேயிலை விலை சரிந்து, மஞ்சூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் மூடப்பட்டது.
2. வேலை போனவர்கள் லைன் வீடுகளை, அதாவது கம்பெனி கொடுத்த வரிசைக் குடியிருப்புகளை, காலி செய்ய வேண்டும் என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது.
3. எல்லாருக்காகவும் பெரியப்பா வழக்குப் போட்டார்.
4. நீதிபதி எங்களைப் பற்றி ஒரு நல்ல பத்தி எழுதினார்.
5. வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

எங்கள் லைன் ஆட்களின் மனம் நான்காவதோடு நின்றுவிட்டது. தலைமுறைகளாக உழைத்து மலையைப் பச்சையாக்கிய தொழிலாளர்களை அங்கிருந்து இறக்கிவிடுவது மனிதத்தன்மை அல்ல என்று அந்தப் பத்தி சொன்னது. குன்னூர் வக்கீல் அதைத் தமிழில் சொன்னபோது பெரியப்பா அழுதுவிட்டார். "தள்ளுபடிதானுங்க, சீக்கிரம் அப்பீல் போகணும்" என்று வக்கீல் அடுத்துச் சொன்னது அவர் மனதில் ஏறவே இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், வாயால் சொன்னதுதான் அன்றைய சட்டம். அதற்கு எழுத்தும் கிடையாது, மறுப்பும் கிடையாது. ஒரு துரையின் பேச்சே அப்படியென்றால் நீதிபதியின் பேச்சு எப்படிப் பலிக்காமல் போகும்? எஸ்டேட் மூடிய பிறகும் பெரட்டுக் களத்தில் தினமும் ஆட்களைக் கூட்டி, வக்கீல் குமாஸ்தா தமிழில் எழுதிக் கொடுத்த அந்தப் பத்தியை உரக்கப் படித்தார்.

"தெனமும் படிக்கறீங்களே அண்ணா, அந்த ஜட்ஜய்யா நம்ம லைன்ல குடிவரப் போறாருங்களா?" என்று அத்தை ஒருத்தி கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். பெரியப்பாவும் சிரிப்பார். அப்பீலுக்கான கெடு அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே முடிந்துபோனது.

காலி செய்ய வைக்கப் போலீஸ் வந்த அன்று பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் அந்தத் தாளை நீட்டினார். இன்ஸ்பெக்டர் முழுவதும் படித்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்காருங்க. ஆனா உத்தரவு இது இல்லீங்களே" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த மரியாதைதான் இன்றும் எனக்குக் கசக்கிறது.

இப்படிப் போகிற போக்கில் நீதிபதி சொல்லும் கருத்துக்குச் சட்டத்தில் 'ஒபிட்டர் டிக்டா' என்று பெயர். கேட்பவர்கள் மதிக்கலாம், யாரையும் கட்டுப்படுத்தாது. மின்பொறியியல் படித்த நான் இதை இப்படிப் புரிந்துகொண்டேன்: பேனலில் பச்சை விளக்கு எரிகிறது, மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. விளக்கைப் பார்த்து நாங்கள் கை தட்டினோம். எங்களை வெளியேற்றுவது தவறு என்று தெரிந்த ஒருவர், அதைத் தெளிவாக எழுதிவிட்டு, வெளியேற்றினார். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பின்னால் வந்த சில வழக்குகளில் அந்தப் பத்தியை மேற்கோள் காட்டினார்களாம். வக்கீலே பெருமையாகச் சொன்னார்.

பெரியப்பா இப்போது மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் காவலுக்கு இருக்கிறார். லைன் வீடுகளின் கூரைத் தகடுகளைக் கம்பெனி கழற்றி விற்றுவிட்டது. அங்கே யாரும் குடியில்லை.