நீலக் குப்பி நட்ட கல்லறை

கப்பலைக் கண்டதும் தூண்டிலை அறுத்துவிடச் சொன்னேன். அறுத்து முடிப்பதற்குள் அவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர் போட்டுகளில் டிரைவராக இருந்த காலம் முழுக்க நான் புயலுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை, அந்த ரோந்துக் கப்பலுக்குத்தான் பயந்தேன்.

ஆழ்கடல் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கில் முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலை விட்டால் அது நீரோட்டத்தோடு போகும். அதன் பின்னால் நாமும் போவோம். சுறா விழுகிற மும்முரத்தில் ஜிபிஎஸ்ஸை எவன் பார்க்கிறான்? மாலத்தீவுக்கும் தெற்கே சாகோஸ் தீவுகள் இருக்கின்றன. பிரிட்டன்காரன் பிடித்து வைத்திருக்கிற கடல் அது, மீன்பிடிக்கத் தடை. நாங்கள் அந்தத் தீவுகளை ‘ஆளில்லாத் தீவு’ என்போம். குடிதண்ணீர் தீர்ந்தால் ஒளிந்து இறங்கி, அங்குள்ள கிணற்றில் பிடித்துக்கொண்டு வருவோம்.

எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். காற்று மோசமாக இருந்ததால் ஒரு சின்னத் தீவின் மறைவில் நங்கூரம் போட்டார்கள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முந்தின பயணத்தில் நாங்கள் தண்ணீர் எடுத்த தீவு அதுதான். எல்லை தாண்டியதற்கு அபராதம் கட்டினால் போட்டைத் திருப்பித் தருவார்கள். தீவில் இறங்கியது தெரிந்தால் போட்டு போய்விடும். அந்தப் போட்டில் எங்கள் எல்லோருக்கும் பங்கு, எங்கள் வீடுகளில் அடுப்பு எரிவதே அதனால்தான்.

கப்பலின் சமையல்காரன் பெயர் ரோலண்ட், மொரீசியஸ்காரன். அவன் சோறு கொண்டுவந்தபோது எங்கள் போட்டு ஆள் வின்சென்ட் பேச்சுக் கொடுத்தான். கல்ஃபில் கிடந்தவன், இங்கிலீஷ் பேசுவான். வாய் சும்மா இருக்காது. பேசிவிட்டு என்னிடம் வந்து சொன்னான்.

“ஆளில்லாத தீவுதானே, நாங்க ரெண்டு மீன் பிடிச்சா யாருக்கு நஷ்டம்னு கேட்டேன் அண்ணே. அவன் மூஞ்சியே மாறிப்போச்சு.”

“என்ன பறஞ்சான்?”

“அவன் அம்மை பொறந்த தீவாம் இது. கோயிலும் வீடுமா ஆளு நெறஞ்சி இருந்த எடமாம். அமெரிக்காக்காரன் பட்டாளத்துக்கு எடம் கேட்டான்னு, இந்தத் தீவுகள்ல இருந்த அத்தன பேரையும் வெள்ளக்காரன் கப்பல்ல ஏத்தி வெளியில தள்ளிட்டானாம். வளத்த நாயக்கூட கொன்னுட்டானுவளாம்.”

ரோலண்ட் அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை. கப்பல் வேலைக்காரர்கள் இறங்கக் கூடாது. அவன் வீடு திரும்பும்போதெல்லாம் அவன் அம்மையான அந்தக் கிழவி ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாளாம். அவள் அப்பனைப் புதைத்த கல்லறை இருக்கிறதா, கடல் கொண்டுபோய்விட்டதா? சுற்றி நீலக் கண்ணாடிக் குப்பிகள் நட்ட கல்லறை. அவனுக்குப் பதில் தெரியாது.

எனக்குத் தெரியும். முந்தின பயணத்தில் கூரையில்லாமல் சிலுவையோடு நின்ற கோயிலைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்குச் சும்மா வர மனசில்லை. அதன் பக்கத்தில் கல்லறைகள் மேல் கிடந்த கொடிகளை வெட்டித் தள்ளி மெழுகுதிரி கொளுத்தினோம். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நம் ஊரில் செய்வதுதான். கேட்பாரற்றுக் கிடக்கிற கல்லறைக்கும் ஒரு திரி வைக்காமல் வரமாட்டோமே. என் தம்பி கடலோடு போனவன், அவனுக்குக் கல்லறை கிடையாது. அவனுக்கான திரியை நான் வைத்தது அந்த நீலக் குப்பிகளுக்கு நடுவில்தான்.

ரோந்துக் கப்பலின் அதிகாரி பக்கத்திலேயே நின்றான். நான் சொல்லப்போகிறேன் என்று வின்சென்ட் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

“மிண்டாத அண்ணே, வாயத் தொறக்காத. போட்டு போயிரும்.”

போட்டை நினைத்துத் தயங்கினேன். ஆனாலும் அந்தக் கிழவி கேட்டுக்கொண்டே செத்துப்போவாளே என்று நினைத்தபோது தாங்கவில்லை.

“சொல்லுலே மக்கா. கல்லற இருக்குன்னு சொல்லு. குப்பியெல்லாம் அப்படியே நிக்கி, திரி கொளுத்தியிருக்குன்னு சொல்லு.”

வின்சென்ட் சொன்னான். ரோலண்ட் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அதைக் கேட்ட அதிகாரி என்னிடம் வந்து, தீவில் இறங்கினீர்களா என்று வின்சென்ட் மூலம் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

போட்டை எடுத்துக்கொண்டு எங்களை ஊருக்கு அனுப்பினார்கள். கூட வந்தவர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. திட்டட்டும், நியாயம்தான்.

இப்போது அந்தத் தீவுகளை மொரீசியஸுக்குக் கொடுப்பது பற்றி அரசாங்கங்கள் பேசுவதாக டிவியில் சொல்கிறார்கள். பக்கத்து நாடு என்று நம் நாடும் கருத்துச் சொல்கிறது. நல்லது. அங்கே பிறந்தவளை யாராவது கேட்டார்களா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை முதலில் கேட்க வேண்டியது பக்கத்தில் இருக்கிற நாம்தான். பிள்ளைகளே, நீங்களும் ஒன்றை மனசில் வையுங்கள். அங்கே போய்ச் சுறாவை அள்ளும்போது வெள்ளைக்காரன் பொருளை அள்ளுவதாக நினைக்காதீர்கள். அது அந்தக் கிழவியின் வீட்டுக் கொல்லை.

கப்பலைவிட்டு இறங்குகிற அன்று ரோலண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். வின்சென்டிடம் கேட்டேன்.

“நாம தீவுல அத்துமீறி எறங்குனோம்னு கப்பல்காரனுவ எழுதிட்டானுவளாம் அண்ணே. நாளைக்கு அவன் அம்மை, பொறந்த தீவுல வந்து எறங்கினாலும் அதத்தான் எழுதுவானுவளாம்.”